சில்லு வைத்த வீடு

"கதவு எந்தப் பக்கம் பாத்து நிக்குது, தங்கச்சி?"

தொலைபேசியில் இரவீந்திரன் இப்படிக் கேட்டதும், சிவகலா கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டுத் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வாங்கி மூன்று கிழமையாகியும் அந்தக் கதவு எங்கே பார்க்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

"ஏரியைப் பாத்து நிக்குது அண்ணை. நல்ல காத்து வரும்."

"அதில்லை. திசை என்ன?"

சிவகலா தொலைபேசியைப் பொத்திக்கொண்டு கணவனிடம் கிசுகிசுத்தாள். "என்னப்பா, ஏரி எந்தப் பக்கம்?"

"முன்பக்கம்," என்றான் தவச்செல்வன். அவன் கவனமெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் இருந்தது.

மகன் நிருசன் கைபேசியின் திசைகாட்டியைப் பார்த்துச் சொன்னான். "தெற்கு, அம்மா."

"தெற்கு, அண்ணை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. கவலையில் விட்டதா, நிம்மதியில் விட்டதா என்று சொல்ல முடியாத மூச்சு.

"அடடா, பிழைச்சுப் போச்சே! எங்கட குடும்பத்திலை கிழக்கு வாசல் இல்லாத வீட்டிலை நல்ல காரியம் கதைக்கிறேல்லை. ஒண்டு செய்வம். நாளைக்கு நீங்கள் ஆராவுக்கு, எங்கட வீட்டுக்கு வாங்கோ. இல்லாட்டி, இன்னொரு நாள் பாப்பம்."

இன்னொரு நாள்! அந்தச் சொல்லைச் சிவகலா ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருந்தாள். நிருசனும் இரவீந்திரனின் மகள் கிருசிகாவும் ஒருவரை ஒருவர் விரும்பத் தொடங்கி மூன்று வருடம். பெண்ணின் தகப்பன் வாய் திறந்து சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. முதல் தடவை பனி கொட்டுகிறது என்று தள்ளிப்போனது. இரண்டாம் தடவை பெரியவளாகிவிட்ட சகலன் மகளுக்குச் சாமத்தியவீடு என்று தள்ளிப்போனது. மூன்றாம் தடவையும் தள்ளிப்போனால் அதற்குப் பெயர் தாமதம் இல்லை, மறுப்பு.

காரணமும் அவளுக்குத் தெரியும் போலிருந்தது. போன மார்கழியில் ஆராவில் முதன்முதலாகச் சந்தித்தபோது இரவீந்திரன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "சனி ஞாயிறிலை எங்களை வீட்டிலை பிடிக்கேலாது. எங்கட ஃபெரியன்ஹவுஸிலைதான் நிப்பம்," என்று சொல்லியிருந்தார். விடுமுறை வீடு! சுவிசில் சொந்தமாக ஒரு வீடு வாங்குவதே பெரும்பாடு. அதற்கு மேல் விடுமுறைக்கென்று இன்னொன்று! அன்றைக்கே சிவகலாவும் பதிலுக்கு, "நாங்களும் ஏரிக்கரையிலை ஒண்டு பாக்கிறம்," என்று சொல்லிவைத்துவிட்டாள்.

சொன்னது பொய்யாகவில்லை. ஹால்வில் ஏரிக்கரையில், நிரந்தர முகாம்காரர்களின் பூங்காவில், ஒரு வயதான தம்பதியிடமிருந்து அவர்கள் மொபைல் ஹோம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். நிலம் வாடகை, வீடு சொந்தம். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, மூன்று பேர் திரும்பினால் இடிபடும் ஒரு கூடம். டீட்டிகோனில் இருபத்திரண்டு வருடமாக வாடகை வீட்டில் இருந்தவள், இங்கே வந்த முதல் நாளே சுவரில் ஓர் ஆணி அடித்தாள். யாரிடமும் அனுமதி கேட்காமல் அடித்த ஆணி! அதில் மாட்ட ஒன்றும் இருக்கவில்லை. சும்மா அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாளைக்குக் குடிபூரல். பால் காய்ச்சி, சம்பந்தி வீட்டாரை முதல் விருந்தாளிகளாக உள்ளே அழைக்க வேண்டும். அது எப்படிப்பட்ட வீடு என்று கிருசிகாவிடம்கூடச் சொல்லக்கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இன்று பின்னேரந்தான் வாட்ஸப்பில் இடத்தை அனுப்பினாள். அனுப்பி ஐந்து நிமிடத்தில் இந்த அழைப்பு.

'மொபைல் ஹோம் எண்டு விளங்கிப்போச்சு. அதுதான் சாட்டுச் சொல்லுறார்,' என்று அவள் மனம் சொன்னது. சரக்குக் களஞ்சியத்தில் நாற்பது பேரை மேய்க்கிறவள் அவள். சாட்டுகளை, சாக்குப்போக்குகளை அங்கே தினமும் பார்ப்பாள். சாட்டைத் தீர்த்து வைத்துவிட்டால் ஆள் வந்துதான் ஆகவேண்டும்.

"அண்ணை, நீங்கள் வாங்கோ. வரேக்குள்ளை வாசல் கிழக்கைப் பாத்து நிக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தவச்செல்வன் வடையோடு திரும்பினான். "இப்ப என்ன சொன்னனீ?"

"வீட்டைத் திருப்பப் போறம்."

"என்னத்தை?"

"வீட்டை. கிழக்குப் பக்கம்."

"உனக்கென்ன விசரே, கலா? வீட்டை என்னண்டு திருப்புறது?"

சிவகலாவின் கண்கள் பளபளத்தன. "ஏன் ஏலாது? வீட்டுக்குச் சில்லு இருக்கெல்லே?"

தவச்செல்வன் வீட்டுக்கு அடியிலிருந்த சக்கரங்களை நினைத்துப் பார்த்தான். வடை மட்டும் வாய்க்குள் போனது.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு வெர்னர் கோப்பிக் குவளையோடு செருப்பில் வந்து நின்றபோது, தகப்பனும் மகனும் முன்கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வெர்னர் ஓய்வு பெற்ற ரயில்காரர். வயிறு பெரிது, ஆர்வம் அதைவிடப் பெரிது.

"வீட்டையா திருப்புகிறீர்கள்? முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன். பூந்தொட்டியைத் திருப்பியவர்களைக்கூட நான் பார்த்ததில்லை! எதற்கு?"

நிருசன் ஜெர்மனில் விளக்கப் பார்த்தான். "காலையில் சூரியன் வாசலுக்கு நேரே இருக்க வேண்டும்."

"ஆ! சோலார்!"

"ஓம்... சோலார்தான்," என்று நிருசன் கைவிட்டான்.

வெர்னர் குவளையை வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். தாங்குகட்டைகளை எடுத்தார்கள். தண்ணீர்க் குழாயைக் கழற்றினார்கள். மின்கம்பியை இழுத்தார்கள். மூவரும் தோள் கொடுத்து, "ஏலேலோ!" என்று தள்ளினார்கள். வீடு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு, இரண்டு கிழமை மழையில் ஊறிப்போயிருந்த புல்லுக்குள் ஒரு சில்லு புதைந்தது.

"என் டிராக்டர்!" என்றார் வெர்னர்.

அது புல்வெட்டும் சின்ன டிராக்டர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறில் புல்வெட்டும் இயந்திரத்தை இயக்குவது அந்தப் பூங்காவில் கொலைக்கு அடுத்த குற்றம். தீர்ப்புச் சொல்பவர் பூங்காவின் பொறுப்பாளர் ஃபிராவ் அம்மான், அதாவது திருமதி அம்மான். பெயரைக் கேட்டால் தாய்மாமன் போல இருக்கும். பார்த்தால் சூலம் இல்லாத காளி. உரிமைக்காரர்களின் புல் எத்தனை விரல் உயரம் என்று குனிந்து பார்ப்பவர்.

"அவர் இப்போது தேவாலயத்தில். பதினொன்று வரை வரமாட்டார்," என்றார் வெர்னர். சின்ன வயதில் ஆப்பிள் களவெடுத்த சந்தோசம் அவர் முகத்தில் தெரிந்தது.

டிராக்டர் உறுமியது. வீடு முனகியது. உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. சிவகலா கைபேசித் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்! இன்னும்! என்னப்பா, உங்கடை பக்கம் தள்ளுங்கோ!"

"என்ரை பக்கம் வேலியெல்லோ இருக்கு!"

"வேலியைப் பிறகு பாப்பம்!"

வீடு பாதி திரும்பி, குறுக்காக நின்ற நேரத்தில் தொலைபேசி அடித்தது. இரவீந்திரன்.

"தங்கச்சி, வாசல் விசயம் சரிவராதெண்டால் யோசிக்காதேங்கோ."

"சரிவருது அண்ணை! பாதிக் கிழக்கு வந்திட்டுது!"

"அப்படியே... ஆனால் கார் விடுறது கஸ்ரமெல்லே? உள்ளுக்கு வாற ரோட்டிலை அந்தத் தடுப்புக் கட்டை ஞாயிறிலை கார்ட் இல்லாமல் எழும்பாது. அந்தக் கார்டும் ஃபிராவ்... அங்கை பொறுப்பா இருக்கிறவையிட்டைத்தான் வாங்கவேணும்."

'என்ன மாதிரி விசாரிச்சு வச்சிருக்கிறார்!' என்று சிவகலா வியந்தாள். "நீங்கள் வாங்கோ அண்ணை. கட்டை திறந்தே இருக்கும்."

தவச்செல்வன் ஓடினான். பின்பக்கமாகப் போய்க் கட்டையைக் கையால் தூக்கி, கொடிக்கயிற்றால் கம்பத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான்.

அவன் மூச்சு வாங்கி முடிக்கவில்லை. மறுபடி தொலைபேசி.

"தங்கச்சி, நான் யோசிச்சன். உது சனம் நடமாடுற இடம். நல்ல காரியம் நாலுபேர் கண்ணிலை படுறது சரியில்லை. யசோதராவுக்கும் தலையிடி..."

பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது. "ஆருக்குத் தலையிடி? நான் கொண்டை போட்டுக் கால் மணித்தியாலம். பலகாரமும் காருக்குள்ளை. வெளிக்கிடுங்கோ!"

"ஒருதர் கண்ணிலையும் படாது அண்ணை," என்றாள் சிவகலா. "நான் மறைப்புக் கட்டுறன்."

இருந்ததெல்லாம் சேலைதான். குடிபூரலுக்கு எதைக் கட்டுவது என்று முடிவெடுக்க முடியாமல் டீட்டிகோனிலிருந்து அள்ளி வந்திருந்தாள். மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, காஞ்சிபுரம், மைசூர், பனாரஸ் எல்லாவற்றையும் தொங்கவிட்டாள். மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்து நீலமும் ஏரிக்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. பார்க்க அவளுக்கே புல்லரித்தது.

மறைப்பு வேலை செய்யவில்லை. நேர்மாறாக வேலை செய்தது. ஏரியைச் சுற்றி உலாவ வந்த சனம், தடுப்புக் கட்டை வானத்தைப் பார்த்து நிற்பதையும் உள்ளே வண்ணத் துணிகள் ஆடுவதையும் கண்டு, கார்களை நேரே உள்ளே விட்டது. ஒரு பெண்மணி பனாரஸைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன விலை?"

"இது விக்கிறேல்லை! அதாவது... விற்பனைக்கு இல்லை!"

"அப்போது என்ன விழா?"

"சோலார் விழா," என்றார் வெர்னர் பெருமையோடு.

அடுத்த வரிசையிலிருந்து ஒரு தம்பதி கதிரைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். யாரோ உருளைக்கிழங்குச் சலாட் கொண்டுவந்து வைத்தார்கள். யாரோ அக்கோர்டியனைக் கையில் எடுத்தார்கள்.

இதற்கிடையில் வீடு கடைசியாக ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. நிருசன் திசைகாட்டியைப் பார்த்து, "கிழக்கு!" என்று கத்தினான். கூட்டம் கைதட்டியது.

சிவகலா ஓடிப்போய் வாசலைப் பார்த்தாள். கிழக்குத்தான். ஆனால் கதவைத் திறந்தால் வெர்னரின் அடர்ந்த செடிவேலி. ஆள் அல்ல, பூனைகூட நுழைய முடியாது.

"என் வேலிதானே," என்றார் வெர்னர். அவர் இப்போது யாராலும் நிறுத்த முடியாத நிலையில் இருந்தார். கத்தரியால் வேலியில் ஆள் உயரத்துக்கு வழி வெட்டினார். தன் தோட்டத்துக் குள்ளப் பொம்மைகளை வரிசையாகத் தள்ளிவைத்து, "உங்கள் விருந்தாளிகள் என் வீட்டு வழியாக வரட்டும்!" என்றார்.

"அம்மா," என்றான் நிருசன். அவன் ஒரு மின்னிணைப்புத் தொழிலாளி. அவன் குரல் அப்படி இறங்கினால் விசயம் மோசம் என்று அர்த்தம். "கேபிள் எட்டேல்லை. கரண்ட் இல்லை."

"காஸ் இருக்கெல்லே?"

"காஸ் பெட்டி இப்ப மரத்தோடை ஒட்டி நிக்குது. திறக்கேலாது."

"அப்ப பாலை என்னத்திலையடா காய்ச்சுறது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் வெர்னரைப் பார்த்தார்கள். வெர்னர் ஒரு வார்த்தையும் கேட்காமல் உள்ளே போய், பாலாடைக்கட்டி உருக்கி ஃபோண்டு கிண்டுகிற சின்ன ஸ்பிரிட் அடுப்போடு வந்தார். அதன் மேல் சிவகலா திருநீறு பூசி, மஞ்சள் இலை கட்டிய மண்பானையை ஏற்றினாள். நெருப்பு ஒரு மெழுகுதிரியின் அளவு எரிந்தது. பால் அசையவில்லை.

அந்த நேரத்தில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள்.

பிரதான பாதையால் அல்ல. குளிக்கிற கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு இடையே ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. சிவகலாவுக்கே அது நேற்றுத்தான் தெரியும். அதால் வந்தார்கள். முன்னால் இரவீந்திரன். ஆனி மாத வெயிலில் கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப், கறுப்புக் கண்ணாடி, காது வரை இழுத்த தொப்பி.

"கண் ஒப்பரேசனோ?" என்று தவச்செல்வன் மனைவியின் காதில் கேட்டான்.

"சும்மா இருங்கோ. நடந்து வாறதுக்கும் திசை பாக்கிறார் போலை."

பின்னால் யசோதரா, தட்டத்தோடு. அவளுக்குப் பின்னால் கிருசிகா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் தோள்கள் குலுங்கின. பிள்ளை அழுகிறாளோ என்று சிவகலா பதறி அருகே போனாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி," என்றாள் கிருசிகா மூச்சுத் திணறி, "நீங்கள் உண்மையா வீட்டைத் திருப்பினனீங்களோ? அப்பா கேட்டதுக்காகவோ?"

"உனக்காகத்தான் பிள்ளை," என்றாள் சிவகலா. கிருசிகா சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நிருசன் அந்தப் பக்கம் பார்க்காதது போல் பார்த்தான்.

எங்கிருந்தோ ஒரு பழுப்பு நாய் ஓடிவந்து, வேறு யாரையும் முகராமல், நேரே இரவீந்திரனின் காலடியில் மல்லாந்து படுத்தது.

"ஷ்ஷ்! போ! போ!" என்றார் இரவீந்திரன், நாயைவிடத் தாழ்ந்த குரலில்.

வெர்னர் கண்ணைச் சுருக்கினார். "இந்த ஐயாவை எங்கோ பார்த்திருக்கிறேன்."

"இவையளுக்கு எல்லாத் தமிழரும் ஒரே முகம்தான்," என்று தவச்செல்வன் தமிழில் சொல்லி, சம்பந்தியைப் பார்த்துச் சமாதானமாகச் சிரித்தான். இரவீந்திரன் தேவைக்கு மேல் பலமாகத் தலையாட்டினார்.

வேலித் துவாரத்தால் உள்ளே நுழைந்ததும் சிவகலா தயங்கித் தயங்கித் தொடங்கினாள். "சின்ன வீடுதான் அக்கா. உங்கடை ஃபெரியன்ஹவுஸோடை பாக்கேக்குள்ளை இது ஒண்டும்..."

"ஐயோ, இது எவ்வளவு பெரிசு!" என்றாள் யசோதரா. "எங்கடை குசினியிலை ரெண்டுபேர்..."

இரவீந்திரனுக்கு இருமல் வந்தது. அது நிற்காமல், யசோதரா வேறு கதைக்குப் போகும் வரை வந்தது.

"பொங்குது! அம்மா, பொங்குது!"

நிருசனின் சத்தத்தில் எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். அந்தச் சின்னச் சுடர் சாதித்துவிட்டது. பால் நுரைத்து எழும்பி, ஒரு கணம் விளிம்பில் நின்று யோசித்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது. சிவகலா கைகூப்பினாள். அவள் கன்னத்தில் நீர் ஓடியது. கதிரையில் இருந்த தம்பதி எழுந்து நின்றார்கள். அக்கோர்டியன்காரர், இதுதான் தன் கட்டம் என்று நினைத்து, வால்ஸ் ஒன்றை வாசிக்கத் தொடங்கினார்.

இரவீந்திரனின் கறுப்புக் கண்ணாடி பாலைப் பார்க்கவில்லை. சேலைகளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்தது. அங்கே சைக்கிளில் ஓர் உருவம் வந்துகொண்டிருந்தது.

"சம்மதம்!" என்றார் இரவீந்திரன் திடீரென்று. "எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம். தைமாசம் கலியாணம் வைப்பம். யசோ, தட்டத்தை மாத்து. கெதியா! போவம்."

"அண்ணை, ஒரு வாய் பால் குடிக்காமல்..."

"ஆராவிலை குடிக்கிறன் தங்கச்சி!"

சிவகலாவுக்கு அந்த அவசரம் விளங்கவில்லை. விளங்கத் தேவையுமில்லை. சம்மதம் வந்துவிட்டது! தட்டம் கைமாறியது. நிருசனும் கிருசிகாவும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் அந்த ஏரி முழுக்கப் பொங்கியிருக்கும்.

அப்போது சைக்கிள் நின்றது. அக்கோர்டியன் பாதிச் சுரத்தில் செத்தது.

ஃபிராவ் அம்மான் இறங்கினார். வானத்தைப் பார்த்து நிற்கும் தடுப்புக் கட்டையைத் தாண்டித்தான் அவர் வந்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தார். சேலைகள். டிராக்டர். வெட்டிய வேலி. ஊரையே பார்க்காத மாதிரி முகம் திருப்பிக்கொண்டு நின்ற வீடு. புல்லில் ஓடிய பால்.

நிலத்தின் ஒப்பந்தம் இந்த அம்மாவின் கையில். ஒரு சொல் சொன்னால் வீட்டைச் சில்லோடு வெளியே உருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். அவளுடைய ஆணி, அவளுடைய சுவர், எல்லாம்.

"யார் இதைச் செய்தது?" என்று ஜெர்மனில் கேட்டார் ஃபிராவ் அம்மான்.

"நான்," என்று வெர்னர் முன்னே வந்தார்.

"நான்," என்று தவச்செல்வனும் வந்தான்.

"நான்தான் செய்வித்தேன்," என்றாள் சிவகலா. அவளுடைய ஜெர்மன் களஞ்சியத்து ஜெர்மன்; பதற்றத்தில் இன்னும் நேராக வந்தது. "என் மகனுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா கிழக்கு வாசல் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். அவருக்கு அது அவ்வளவு முக்கியம். அதனால் திருப்பினோம். என்னைத் திட்டுங்கள். வீட்டை மட்டும் இருக்கவிடுங்கள்."

ஃபிராவ் அம்மான் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அவளைப் பார்த்தார். கடுகடுத்த அந்த முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

"அப்படிப்பட்ட அப்பா எங்கே?"

எல்லோரும் திரும்பித் தேடினார்கள்; இரவீந்திரனைக் காணவில்லை. ஆனால் பழுப்பு நாய், மாம்பழ மஞ்சள் காஞ்சிபுரத்துக்குப் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. சேலைக்குக் கீழே இரண்டு பளபளப்பான சப்பாத்துகள் தெரிந்தன.

ஃபிராவ் அம்மான் நடந்துபோய், ஓரத்தைப் பிடித்துச் சேலையை மெல்ல விலக்கினார்.

"ஹெர் இரவி, நீங்களா? டிராக்டர் சூடாகத்தான் நிற்கிறது. 'சி' வரிசையில் நாலு வருடமாக மேற்கைப் பார்த்து நிற்கும் உங்கள் மொபைல் ஹோமையும் கையோடு திருப்பிவிடுவோமா?"